விண்கப்பல் படைகளை மேசையில் மோதவிட எந்த ஆட்டம்? ஃபுல் த்ரஸ்ட், பேட்டில்ஃப்ளீட் காதிக், ஸ்டார் வார்ஸ் ஆர்மடா

"ஆர்மடா பழைய பெட்டி ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கிவிடலாமா? இல்லை, காதிக் கப்பல்களை 3டி பிரிண்ட் போட்டுக்கொள்வதா? ஃபுல் த்ரஸ்ட் விதிகள் இலவசமாமே, அதுவே போதுமா?" சின்னப் பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்திப் போர் நடத்தும் மினியேச்சர் ஆட்டங்களில் புதிதாக இறங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. மூன்றுமே நல்ல ஆட்டங்கள். மூன்றிலும் இரண்டு படைகள் கறுப்புத் துணி விரித்த மேசையில் எதிரெதிரே நின்று, நெருங்கி, சுட்டுக்கொள்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். உட்கார்ந்து ஆடிப்பார்த்தால் மூன்றுக்கும் சம்பந்தமே இல்லை.

கப்பலின் அழகைப் பார்த்து ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பதுதான் என் கட்சி. எந்த இடத்தில் முன்கூட்டியே முடிவெடுத்து மாட்டிக்கொள்ளப் பிடிக்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் நகர்வு. தரைப்படை ஆட்டத்தில் வீரன் நினைத்த இடத்தில் நிற்பான், நினைத்த பக்கம் திரும்புவான். கப்பலுக்கு வேகம் உண்டு, திரும்பும் கோணம் உண்டு, நினைத்த மாத்திரத்தில் நிற்க முடியாது. இந்தச் சுற்றில் எடுத்த முடிவுக்கு அடுத்த சுற்றில் விலை கொடுக்கிறோம். அதுதான் இந்த வகை ஆட்டத்தின் ருசி. அந்த விலையை எந்த ஆட்டம் எப்படி வசூலிக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, எதிராளி. பெட்டி மீது எழுதியிராத பெரிய செலவு இதுதான். உங்கள் ஊரில் ஏற்கெனவே சொந்தப் படை வைத்திருக்கும் ஆள் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் இரண்டு படையையும் நீங்களே வாங்கி, நீங்களே வண்ணம் பூசி, விதியையும் சொல்லிக்கொடுத்து ஒருவரை உட்காரவைக்க வேண்டும். கடையில் பார்க்கும் எந்த விலையையும் மனசுக்குள் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பொருள் கிடைக்குமா என்பது. இந்த மூன்றில் இரண்டு ஆட்டங்களை அவற்றின் நிறுவனங்களே கைவிட்டுவிட்டன.

நான்காவது, இடமும் நேரமும். ஆறடிக்கு நாலடி மேசை எத்தனை வீட்டில் இருக்கிறது? இதில் இன்னொரு சங்கதியும் உண்டு: சீலிங் ஃபேன். மெல்லிய தண்டு மேல் நிற்கும் பிளாஸ்டிக் கப்பல், சீட்டு, கட்டளை எழுதிய தாள் எல்லாம் நம் வீட்டு ஃபேன் காற்றுக்கு நிற்காது. கப்பல் அடித்தட்டின் கீழே ஒரு வாஷரை ஒட்டுங்கள், தாளுக்கு க்ளிப் அட்டை வாங்குங்கள்.

கடைசியாக, சொந்தக் கற்பனைக்கு எவ்வளவு இடம் என்பது. சிலருக்கு இது முக்கியமே இல்லை. சிலருக்கு இது மட்டும்தான் முக்கியம்.

## ஃபுல் த்ரஸ்ட்

பிரிட்டனில் ஜான் டஃப்லி எழுதிய ஆட்டம். இரண்டாம் பதிப்பு 1992இல் வந்தது. கப்பல் வடிவமைப்பு முறையைத் திருத்தி எழுதிய துணைநூலான முதல் ஃப்ளீட் புக் 1998இல். வெளியிட்ட கிரவுண்ட் ஸீரோ கேம்ஸ் நிறுவனமே விதிநூல்களை இலவச பிடிஎஃப்களாகக் கொடுத்துவிட்டது. அதே நிறுவனம் உலோகக் கப்பல்களும் வார்த்து விற்கிறது. ஆனால் அந்தக் கப்பல்களைத்தான் வைத்து ஆட வேண்டும் என்ற கட்டாயம் ஆட்டத்தில் எங்குமே இல்லை.

இதில் மாட்டிக்கொள்வது எழுத்தில். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் இருவரும் தங்கள் கப்பல் ஒவ்வொன்றுக்கும் கட்டளையை ரகசியமாக எழுதுகிறார்கள். பிறகு எல்லாக் கப்பலும் ஒரே நேரத்தில் நகர்கின்றன. எழுதியது எழுதியதுதான்.

நடுத்தர அளவுப் போர்க்கப்பலான ஒரு குரூசரை எடுத்துக்கொள்வோம். வேகம் 8, உந்துவிசை (ஒரு சுற்றில் வேகத்தை மாற்றவும் திரும்பவும் செலவழிக்கக்கூடியது) 4. திசைகள் கடிகார முகத்தைப் போலப் பன்னிரண்டு. உந்துவிசையில் பாதிவரைதான் திரும்புவதற்குச் செலவழிக்கலாம். ஆக நான் எழுதுவது "இடது 2, வேகம் +2". புதிய வேகம் 10. கப்பல் முதலில் ஒரு புள்ளி, அதாவது 30 பாகை, இடப்பக்கம் திரும்பி 5 அலகு போகிறது. நடுவழியில் இன்னொரு புள்ளி திரும்பி மீதி 5. அலகு அங்குலமாகவும் இருக்கலாம், சென்டிமீட்டராகவும் இருக்கலாம். சின்ன மேசைக்காரர்களுக்கு இந்த ஒரு வரி பெரிய வரம். நான் இப்படி எழுதியதற்குக் காரணம், எதிரி நேராக வருவான் என்று நினைத்தது. அவன் வேகத்தைக் குறைத்து வலப்பக்கம் ஒதுங்கியிருந்தால், தாளைத் திருப்பிக் காட்டும் அந்த நொடியில் என் முதுகு அவனுக்கு. இரண்டு தரப்பும் சேர்ந்து தப்புக்கணக்குப் போட்டு, ஒருவரையொருவர் தாண்டிப் பறந்து எதிரெதிர் மூலையில் போய் நிற்பதும் உண்டு. கோபம் வராது, சிரிப்புதான் வரும்.

சுடுவது எளிது. பீம் பீரங்கியின் வகை எண் எவ்வளவோ, 12 அலகுக்குள் அத்தனை பகடை. ஒவ்வொரு 12 அலகு தள்ளிப்போகும்போதும் ஒரு பகடை குறையும். 4, 5 விழுந்தால் ஒரு சேதம், 6 விழுந்தால் இரண்டு. இந்த ஆட்டத்தின் உண்மையான அழகு சேதத்தில்தான் இருக்கிறது. கப்பலின் உடல் நான்கு வரிசைக் கட்டங்களாகத் தாளில் இருக்கும். ஒரு வரிசை முழுதும் அழிந்ததும் கப்பலிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பகடை: முதல் வரிசை போனபோது 6 விழுந்த கருவி செத்தது, இரண்டாவதில் 5ம் 6ம், மூன்றாவதில் 4, 5, 6. பீரங்கியெல்லாம் நன்றாக இருக்கும். குறிபார்க்கும் ஃபயர் கண்ட்ரோல் மட்டும் போய்விடும், ஒரு குண்டும் சுட முடியாது. எஞ்சின் முழுக்கப் போனால் கப்பல் நிற்காது. இருந்த வேகத்திலேயே, இருந்த திசையிலேயே மேசை விளிம்பைத் தாண்டிப் போய்விடும். தோற்ற கப்பலுக்கும் ஒரு கதை கிடைக்கிறது.

மறைந்திருக்கும் செலவு பணமாக வராது, வேலையாக வரும். கட்டளை எழுதுவதும் கட்டம் அடிப்பதும் கப்பல் எண்ணிக்கையோடு வளரும். பக்கத்துக்கு எட்டு கப்பலைத் தாண்டினால் என் பொறுமை போய்விடுகிறது. எதிராளிக்கும் கணக்குத் தாள் ஒவ்வாமை இருக்கக் கூடாது. அடுத்தது, கப்பலை நாமே வடிவமைக்கலாம் என்பதால் ஓட்டையையும் நாமே கண்டுபிடிப்போம். காகிதம் போன்ற உடலுக்குள் போர் விமானங்களை அடைத்துக்கொண்டு வரும் தாய்க்கப்பல்களுக்கு இந்த ஆட்டக்காரர்கள் மத்தியில் சோப்புக் குமிழி என்றே பெயர். அப்படி ஒருவர் கொண்டுவந்தால் அன்றைய ஆட்டம் அவ்வளவுதான். முதல் சில ஆட்டங்களுக்கு ஃப்ளீட் புக்கிலுள்ள தயார் வடிவங்களை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

ஊரில் எதிராளி இல்லாதவர், செலவு செய்யுமுன் இந்த வகை ஆட்டம் பிடிக்குமா என்று பார்க்க நினைப்பவர், தனக்கென்று ஒரு கதையுலகம் வைத்திருப்பவர்: இவர்களுக்கு இதுதான்.

## பேட்டில்ஃப்ளீட் காதிக்

நாட்டிங்காமின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1999இல் வெளியிட்டது. அந்த நிறுவனத்தின் அறிவியல் புனைவுத் தரைப்போர் ஆட்டமான வார்ஹாமர் 40,000 உலகத்தின் கடற்படை முகம். பெரிய தேவாலயத்துக்குப் பின்னால் எஞ்சின் பொருத்திப் பக்கவாட்டில் பீரங்கி வரிசை வைத்தால் எப்படி இருக்கும்? அதுதான் இந்தக் கப்பல்கள். ஆடும் விதமும் விண்வெளியைவிடப் பாய்மரக் காலத்துக் கடற்போருக்கே கிட்டத்தில் இருக்கிறது.

இதில் மாட்டிக்கொள்வது திருப்பத்தில். எல்லாக் கப்பலும் ஒவ்வொரு சுற்றிலும் குறைந்தது பாதி வேகத்தில் நகர்ந்தே தீர வேண்டும். குரூசர் 10 செ.மீ. நேராகப் போன பிறகே 45 பாகை திரும்பலாம். குரூசரைவிடப் பெரிய பேட்டில்ஷிப் 15 செ.மீ. போக வேண்டும். கூடுதலாகத் திரும்பவோ வேகமாகப் பாயவோ நினைத்தால் தனிக்கட்டளை கொடுத்து, இரண்டு பகடை உருட்டி, கப்பலின் தலைமைத்திறன் எண்ணுக்குள் விழவைக்க வேண்டும். ஒன்று தவறினால் அந்தச் சுற்றில் வேறெந்தக் கப்பலுக்கும் இப்படிக் கட்டளையிட முடியாது. அதனால் எந்தக் கப்பலுக்கு முதலில் உருட்டுவது என்பதே பெரிய யோசனையாகிவிடும். திரும்பிச் சுடவேண்டிய பேட்டில்ஷிப்புக்கா, டார்ப்பிடோ திரும்ப நிரப்பவேண்டிய குரூசருக்கா?

மனிதப் பேரரசின் படைக்கும் அதன் எதிரியான கேயாஸ் படைக்கும் உள்ள வேறுபாட்டில் இந்த ஆட்டத்தின் மூளை தெரியும். பேரரசு குரூசரின் மூக்குக் கவசம் 6, பக்கக் கவசம் 5. நேராக வரும் கப்பலைச் சுடுவது எளிது. பீரங்கி அட்டவணை அதிகப் பகடை கொடுக்கும். ஆனால் அந்த மூக்கில் பட ஒவ்வொரு பகடையிலும் 6 விழுந்தாக வேண்டும். எனவே பேரரசுக்காரர் மூக்கைக் காட்டியபடி, டார்ப்பிடோ விட்டுக்கொண்டே நெருங்கி, நடுவில் புகுந்து இரு பக்கப் பீரங்கியையும் திறக்கப் பார்ப்பார். கேயாஸ் குரூசர்கள் பெரும்பாலும் 25 செ.மீ. வேகம், பேரரசுக்கு 20. அந்த ஐந்து சென்டிமீட்டரை வைத்துக்கொண்டு விலகி விலகிப் போய், கவசம் எதுவானாலும் 4ஓ அதற்கு மேலோ விழுந்தால் துளைக்கும் லான்ஸ் ஆயுதத்தால் தூரத்திலிருந்தே குத்துவார்கள். ஒரே விதி, இரண்டு வேறு மனநிலை. இந்த அளவு குணவேறுபாட்டை ஃபுல் த்ரஸ்டில் நாமேதான் உழைத்து உண்டாக்க வேண்டும்.

குறை: ஒருவர் முழுப் படையையும் நகர்த்திச் சுட்டு முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். "அதிர்ச்சிக்குத் தயார்" என்று ஒரு கட்டளை கொடுத்து அடியைத் தாங்கலாம், அவ்வளவுதான் செய்ய முடியும். இரண்டு பக்கமும் பெரிய படையாக இருந்தால் நடுவில் டீ போட்டுக் குடித்துவிட்டே வரலாம்.

இனி பணம். 2013இல் இதன் தயாரிப்பு நின்றுபோனது. அசல் கப்பல்கள் பழைய பொருள் சந்தையில் மட்டுமே. விற்பவர் சொல்வதுதான் விலை. இதனால்தான் இன்று பெரும்பாலோர் திரவ ரெஸினைக் கெட்டியாக்கிப் பொம்மை செய்யும் 3டி பிரிண்டர் பக்கம் போகிறார்கள். அந்தக் கணக்கையும் முழுசாகப் போடுங்கள்: பிரிண்டர் மட்டும் இல்லை, ரெஸின், கழுவ ஐசோபுரோபில் ஆல்கஹால், கையுறை, புற ஊதா விளக்கு, காற்றோட்டமான தனி இடம். படுக்கையறையில் வைக்கிற சாமான் இல்லை அது. ஏற்கெனவே வேறு வேலைக்குப் பிரிண்டர் வைத்திருப்பவருக்குக் காதிக் படை மிக மலிவு. இந்த ஆட்டத்துக்காக மட்டும் பிரிண்டர் வாங்குகிறவருக்கு மிக விலையுயர்ந்த ஆட்டம். மாதிரிகளைத் தேர்ந்தெடுக்கும்போது அசலை அப்படியே நகலெடுத்தவற்றைத் தவிர்த்து, வடிவமைப்பாளர்கள் சொந்தமாக வரைந்து விற்கும் கப்பல்களை வாங்குவதே முறை. அதிலேயே அருமையானவை இருக்கின்றன.

40,000 உலகத்தில் ஏற்கெனவே ஊறியவருக்கும் வண்ணம் பூசுவதைத் தவமாகச் செய்கிறவருக்கும் காதிக் பொருந்தும். தரைப்படைக்கு ஐம்பது அறுபது பொம்மை பூசிச் சலித்தவருக்கு ஒரு நற்செய்தி: ஒவ்வொரு கப்பலுக்கும் புள்ளிக் கணக்கில் ஒரு விலை உண்டு, 1,500 புள்ளிப் படை என்றால் பெரிய கப்பல்கள் ஏழெட்டுக்குள் அடங்கிவிடும்.

## ஸ்டார் வார்ஸ் ஆர்மடா

ஃபேன்டசி ஃப்ளைட் கேம்ஸ் 2015இல் கொண்டுவந்தது. அடிப்படைப் பெட்டியில் ஒரு விக்டரி ஸ்டார் டெஸ்ட்ராயர், ஒரு நெபுலான்-பி, ஒரு சிஆர்90 கார்வெட், கூடவே போர் விமானக் குழுக்கள். பெரிய கப்பல்கள் வண்ணம் பூசியே வரும். பெட்டியைப் பிரித்த அன்றே ஆடலாம் என்பது மூன்றில் இதற்கு மட்டும் பொருந்தும்.

மாட்டிக்கொள்வது கட்டளை வட்டில்களில். ஒவ்வொரு கப்பலுக்கும் கட்டளை எண் உண்டு. சிஆர்90க்கு 1, நெபுலான்-பிக்கு 2, விக்டரிக்கு 3. அத்தனை வட்டில்களைக் கவிழ்த்து அடுக்கிவைத்து, சுற்றுக்கு ஒன்றாக மேலிருந்து எடுக்க வேண்டும். நகர்வு, பழுதுபார்ப்பு, தாக்குதல் குவிப்பு, விமானக் குழு என்று நான்கே கட்டளைதான். ஆனால் விக்டரியின் மாலுமிகள் இப்போது செய்வது நீங்கள் இரண்டு சுற்றுக்கு முன் நினைத்தது. சின்னக் கப்பல் நினைத்ததும் வளையும். பெரிய கப்பலைத் திருப்புவது திருவாரூர்த் தேரை வீதி முனையில் திருப்புவது மாதிரி, முட்டுக்கட்டையை முன்னாலேயே போட்டிருக்க வேண்டும்.

இன்னொரு நுட்பம்: ஒரு கப்பலின் முறை வந்தால் முதலில் சுடும், அப்புறம்தான் நகரும். இந்தச் சுற்றில் யாரைச் சுடப்போகிறேன் என்பது போன சுற்று நகர்விலேயே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. மூட்டு மூட்டாக வளையும் நகர்வுக்கருவியைப் பொருத்திக் கப்பலை வைத்த பிறகு, எதிரி அந்த முகத்துக்கு நேரே வரும்வரை அவனுடைய முறையைப் பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு தனிப் பதற்றம் இருக்கிறது. காத்திருப்பும் நீளாது, இருவரும் மாறி மாறி ஒவ்வொரு கப்பலாகத்தான் இயக்குகிறார்கள். ஆறு சுற்றில் ஆட்டம் முடிந்துவிடும் என்பதும் வேலைக்குப் போகிறவர்களுக்கு உதவி.

தற்காப்புச் சின்னங்களும் அருமையான ஏற்பாடு. அடி விழும்போது ஒரு சின்னத்தைச் செலவழித்துச் சேதத்தைப் பாதியாக்கலாம், பக்கத்துக் கேடயத்துக்குத் தள்ளலாம். முதல்முறை அது கவிழும். அந்தச் சுற்றுக்குள் அதற்கு மறுபடியும் தேவை வந்தால் செலவழிக்கலாம், ஆனால் ஒரேயடியாகப் போய்விடும். இப்போது தப்பிப்பதா, கடைசிச் சுற்றுக்கு வைத்துக்கொள்வதா என்று கை தயங்கும்.

செலவுக் கணக்கில்தான் ஆர்மடா ஏமாற்றும். அடிப்படைப் பெட்டியோடு நின்றால் ஆட்டம் ஒல்லியாக இருக்கும். முழு ஆட்டம் 400 புள்ளிக்கு, ஆறடிக்கு மூன்றடி மேசையில். கப்பலுக்குக் கூடுதல் திறன் தரும் மேம்பாட்டுச் சீட்டு, உங்கள் படைக்குத் தேவையானது, வேறொரு கப்பலின் பெட்டிக்குள் இருக்கும். சீட்டுக்காகக் கப்பல் வாங்கியவர்கள் ஏராளம். தவிர, வெளியீட்டாளரே விலகிக்கொண்டார். ஆட்டம் அடாமிக் மாஸ் கேம்ஸ் கைக்கு மாறி, 2024இல் இனிப் புதிதாக எதுவும் வராது என்று அறிவிப்பும் வந்துவிட்டது. ரசிகர்கள் விடாமல் நடத்துகிறார்கள். ஆனால் உடைந்த நகர்வுக்கருவிக்கும் தொலைந்த சிறப்புப் பகடைக்கும் மாற்றுத் தேடுவது உங்கள் பாடு. நண்பரோடு வீட்டில் ஆடுவதற்குச் சீட்டுகளின் விவரத்தைத் தாளில் எழுதி ஒட்டிக்கொண்டால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

டொராண்டோவிலோ லண்டனிலோ இருப்பவருக்குப் பழைய ஆர்மடா தொகுப்பு முழுசாக ஒருவரிடமே அகப்பட வாய்ப்பு அதிகம். அப்படிக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். சென்னையிலிருந்து வெளிநாட்டு விற்பனையாளரிடம் ஒவ்வொரு பெட்டியாக வரவழைப்பவர் சுங்கவரி, கூரியர் கட்டணம் இரண்டையும் ஒவ்வொரு பார்சலுக்கும் தனித்தனியே கட்டுவார். இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரே பார்சலாக எடுப்பது தேவலை.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ஃபுல் த்ரஸ்ட் | காதிக் | ஆர்மடா |
|---|---|---|---|
| முன்முடிவு எங்கே | ரகசியமாக எழுதும் கட்டளை | திருப்பமும் தலைமைத்திறன் பகடையும் | அடுக்கிவைத்த வட்டில்கள் |
| யார் எப்போது நகர்வது | எல்லோரும் ஒரே நேரத்தில் | ஒரு படை முழுதும், பிறகு மற்றது | மாறி மாறி, கப்பல் கப்பலாக |
| விதிநூல் | இலவசம், அதிகாரபூர்வமாகவே | அச்சில் இல்லை | பெட்டியோடு வரும் |
| கப்பல் | எதை வைத்தாலும் சரி | பழைய சந்தை, 3டி பிரிண்ட் | பழைய சந்தை, மிச்சமிருக்கும் சரக்கு |
| வண்ண வேலை | உங்கள் விருப்பம் | நிறைய | ஏறக்குறைய இல்லை |
| தாள் வேலை | அதிகம் | நடுத்தரம் | குறைவு, ஆனால் சீட்டு அதிகம் |
| சொந்தக் கப்பல் வடிவமைப்பு | ஆட்டத்தின் உயிரே அது | வீட்டு விதி போட்டால் உண்டு | இல்லை |
| யாருக்குச் சலிக்கும் | கணக்குப் பிடிக்காதவருக்கு | காத்திருக்கப் பிடிக்காதவருக்கு | ஒரே கதையுலகம் போதாதவருக்கு |

## இவை மூன்றும் வேண்டாம் என்றால்

காதிக்கை எழுதிய ஆண்டி சேம்பர்ஸ் பின்னாளில் டிராப்ஃப்ளீட் கமாண்டர் என்ற ஆட்டத்தின் உருவாக்கத்திலும் பங்கெடுத்தார். அதில் எதிரிக் கப்பலை அழிப்பதைவிடக் கீழே இருக்கும் கிரகத்தில் படையை இறக்குவதுதான் குறி. கப்பல் சும்மா இருந்தால் தூரத்திலிருந்து தெரியாது. சுட்டால், பாய்ந்தால் அதன் வெப்பத்தடயம் பெருகி எல்லோர் கண்ணிலும் படும். ஒளிந்து விளையாடப் பிடித்தவர்கள் பார்க்கலாம். டிடிகாம்பாட் நிறுவனம் இதைத் தொடர்ந்து நடத்துவதால் கப்பல் புதிதாகவே கிடைக்கிறது.

ஆஸ்ப்ரே பதிப்பகம் 2021இல் வெளியிட்ட எ பில்லியன் சன்ஸ் முழுக்க வேறு தினுசு. படையே இல்லாமல் தொடங்கி, கடன்பட்டுக் கப்பலை வரவழைத்து, ஒப்பந்தத்தை முடித்து லாபம் காட்ட வேண்டும். தளபதி வேலையைவிட முதலாளி வேலை. பௌதிகம் படித்தவர்கள் 2004இல் வந்த அட்டாக் வெக்டர்: டாக்டிகலைத் தேடிப்பாருங்கள், மேல் கீழ் என்ற பரிமாணத்தையும் உந்தத்தையும் விடாமல் கணக்கில் எடுக்கும் ஆட்டம். நானே அதை யாருக்கும் முதல் ஆட்டமாகச் சொல்ல மாட்டேன்.

## பணம் கொடுக்கும் முன்

எதிராளி உறுதியாக இல்லாதவர், மூன்றில் எது மனசில் இருந்தாலும், முதலில் ஃபுல் த்ரஸ்டில் ஒரு மாலையைச் செலவழித்துப் பாருங்கள். பிடிஎஃப்பை இறக்கி, ஆளுக்கு இரண்டு குரூசர், ஒரு சின்னக் கப்பல் என்று தாள்களை அச்செடுங்கள். கப்பலுக்குப் பதில் அட்டையில் முக்கோணம் வெட்டி மூக்கைப் பேனாவால் குறியுங்கள். போர் விமானங்களை விட்டுவிடுங்கள். அலகைச் சென்டிமீட்டராக வைத்தால் சாப்பாட்டு மேசையே போதும்.

ஆடும்போது எதிரே உட்கார்ந்திருப்பவரைக் கவனியுங்கள். கட்டளை எழுதும்போது தாளை மறைத்துக்கொண்டு உங்கள் முகத்தைப் படிக்கப் பார்க்கிறாரா? வேறெதுவும் வாங்கத் தேவையில்லை, இதையே தொடருங்கள். எழுதுவதில் அலுத்து, "இந்தக் கப்பல் எந்த நாட்டுடையது, யாரோடு சண்டை" என்று கதை கேட்கிறாரா? காதிக் பக்கம் போங்கள். "சரி சரி, யார் யாரைச் சுடுவது" என்று அவசரப்படுகிறாரா? ஆர்மடா பெட்டி விற்கிறவருக்குப் போன் போடலாம். விலை பேசும்போது மூன்று கேள்வி மறக்காமல் கேளுங்கள்: நகர்வுக்கருவியின் மூட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா, பகடை மூன்று நிறத்திலும் முழுசாக இருக்கிறதா, சீட்டுகள் அந்தந்தக் கப்பலோடுதான் வருகின்றனவா.